கறுத்த ஆயில் எல்லாம் கெட்ட ஆயில் அல்ல

பேனட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவுவார்கள். நுனியில் ஒட்டியிருப்பதை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். "கறுத்துப் போச்சு சார், பிசுக்கே இல்ல. மாத்திடுங்க" என்று தீர்ப்பு வரும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் தினமும் நடப்பதுதான் இது. ஆனால் என்ஜின் ஆயிலின் ஆயுளை நிறத்தை வைத்துக் கணிக்க முடியாது. டீசல் காரில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டினாலே அது கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஆயில் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரித்துகளில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே, ஆயில் தேங்கும் சேம்பருக்குள் இறங்கும். அதைச் சமாளிக்கவே ஆயிலில் சில வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். அவற்றில் ஒரு வகை மூலக்கூறு, ஒரு முனையால் கரித்துகளைப் பற்றிக்கொள்ளும்; மறுமுனை எண்ணெயில் கரைந்து நிற்கும். இதனால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகாமல் ஆயிலில் மிதந்தபடியே சுற்றிவரும். கறுப்பு நிறம் அங்கிருந்து வருகிறது. கால்சியம், மக்னீசியம் கலந்த இன்னொரு வகை, எரிதலில் பிறக்கும் அமிலங்களை முறிக்கிறது. இரண்டும் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துகொண்டே வரும். தீர்ந்த பிறகு அமிலம் பேரிங்குகளை அரிக்கும், கரி திரண்டு கசடாகும். அந்தக் கட்டத்தை விரலோ கண்ணோ காட்டிக் கொடுக்காது. அதனால்தான் கையேடு கிலோமீட்டரையும் காலத்தையும் கணக்கு வைக்கச் சொல்கிறது. நம் நாட்டின் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது.

"வருஷத்துக்கு நாலாயிரம்தான் ஓடியிருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்குப் பதில் தண்ணீரில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம், எரியாத பெட்ரோல் துளிகளோடு சேர்ந்து ஆயிலில் கலக்கும். நெடுந்தூரம் ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடேறி இவற்றை ஆவியாக்கிவிடும். குழந்தையைப் பள்ளியில் விட, காய்கறி வாங்க என்று இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் ஆயிலுக்கு அந்தச் சூடு ஏறுவதில்லை. ஈரம் உள்ளேயே தங்குகிறது. குறைவாக ஓடும் வண்டியின் ஆயில் விரைவில் கெடுவது இப்படித்தான். ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெளிறிய பழுப்பு நிறத்தில் பசை படிந்திருந்தால் ஈரம் சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். டிப்ஸ்டிக்கிலேயே அந்த நிறம் தெரிந்தால் கூலன்ட் கசிந்து ஆயிலில் கலக்கிறதா என்று மெக்கானிக்கிடம் உடனே காட்ட வேண்டும்.

உலோகமும் உலோகமும் உரசாமல் ஆயில் எப்படிக் காக்கிறது என்பது 1880-கள் வரை யாருக்கும் தெளிவாகத் தெரியாது. லண்டனில் இயந்திரப் பொறியாளர்கள் கழகத்துக்காக ரயில் அச்சு பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார் பீச்சம் டவர். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. அடைப்பு வைத்தால் அடைப்பையும் வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்தினார், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்ற எல்லையையும் முள் தாண்டியது. பேரிங் மீது இருந்த சராசரிச் சுமையோ அதில் பாதிதான். சுழலும் அச்சே எண்ணெயை ஒடுங்கிய இடைவெளிக்குள் இழுத்துச் சென்று அழுத்தத்தை உண்டாக்குகிறது, அந்த அழுத்தம் அச்சைத் தூக்கி நிறுத்துகிறது என்று 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கணித வடிவில் நிறுவினார். மழையில் வேகமாகப் போகும் கார், டயருக்கடியில் நீர் புகுந்து தரையை விட்டு எழும்புவதும் இதே இயற்பியல்தான்.

நிமிடத்துக்கு 3,000 சுற்றில் உங்கள் காரின் கிராங்க் ஷாஃப்ட் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அப்போது அது மிதப்பது சில மைக்ரான் தடிமனே உள்ள ஆயில் படலத்தின் மேல். சுழற்சி இல்லாதபோது இந்தப் படலம் இல்லை. காலையில் சாவியைத் திருப்பும் அந்தக் கணத்திலும், கேம் ஷாஃப்ட் போன்ற கடும் உரசல் உள்ள இடங்களிலும் காவல் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த ஒரு சேர்மம். உரசலின் சூட்டில் அது உலோகத்தின் மேல் கண்ணாடித் தன்மையுள்ள மெல்லிய பூச்சாகப் படிந்து, உலோகத்துக்குப் பதிலாகத் தான் தேய்கிறது.

டப்பாவின் மேல் இருக்கும் எண்களுக்கு வருவோம். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. முன்னால் உள்ள எண், உறைகுளிரில் என்ஜினைக் கிளப்ப ஆயில் எவ்வளவு எளிதாக இளகிக் கொடுக்கும் என்பதைச் சொல்லும். 5டபிள்யூ ஆயிலை அதற்காகச் சோதிப்பது மைனஸ் 30 டிகிரியில். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை எந்தத் தரத்தில் இருக்கும் என்பதைக் குறிக்கும். "நம்ம வெயிலுக்குக் கனமான ஆயில்தான் தாங்கும்" என்ற நம்பிக்கை இங்கே பலமாக இருக்கிறது. இது தவறு என்று அழுத்திச் சொல்வேன். வேலூரானாலும் ஊட்டியானாலும் கூலன்ட் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 90 டிகிரியில் நிறுத்துகிறது. ஆயிலும் 100 டிகிரியை ஒட்டியே ஓடுகிறது. வெளியே 30 டிகிரியா 40 டிகிரியா என்பது உள்ளே பெரிய மாற்றத்தைச் செய்வதில்லை. புதிய பெட்ரோல் என்ஜின்களின் பேரிங் இடைவெளிகளையும் வால்வு நேரத்தை மாற்றும் நுண்குழாய்களையும் மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைத்திருக்கிறார்கள். அதில் 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிர்ந்த நிலையில் ஆயில் மேலே ஏறுவது தாமதமாகும், மைலேஜும் குறையும். கையேட்டில் போட்டிருக்கும் எண்ணும் தரக்குறியீடும்தான் கணக்கு.

வீட்டிலேயே மாற்றலாமா? வாரண்டி முடிந்த சாதாரண பெட்ரோல் காரென்றால் மாற்றலாம். இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்றே ஒன்று: வண்டிக்கு அடியில் போவது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எடைக்கேற்ற இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்காமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லையா, இந்த வேலை வேண்டாம்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் ஆயில் இளகி, மிதக்கும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும், வெதுவெதுப்பு போதும். டிரெயின் நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, மிச்சத்தை விரலால், உள்நோக்கி அழுத்தியபடியே சுற்ற வேண்டும். கடைசி மரை விடும்போது சட்டென்று விலக்கினால் ஆயில் முழங்கை வரை வழியாமல் தொட்டியில் விழும். பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். புதியது போடுவது நல்லது. மாட்டும்போதுதான் பலர் கெடுப்பது. பல கார்களில் சேம்பர் அலுமினியம், நட்டு இரும்பு. கையேடு 30 நியூட்டன் மீட்டர் என்று சொன்னால், 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் சுமார் 15 கிலோ விசை கொடுத்தால் போதும். குழாயைச் செருகி மிதித்து இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், சேம்பரையே மாற்ற வேண்டிவரும்.

ஃபில்டரைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன் மேல் புதிய ஃபில்டரை மாட்டினால் இரண்டு வளையங்களுக்கு நடுவில் ஆயில் பீறிடும், சிறிது நேரத்தில் சேம்பர் காலியாகும். புதிய வளையத்தில் ஆயில் தடவி, கையால் சுற்றி, ஒட்டிய பிறகு முக்கால் சுற்று. பெரும்பாலான ஃபில்டர்களுக்கு இதுவே கணக்கு, பெட்டியிலும் போட்டிருக்கும். கையேடு சொல்லும் அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தை ஊற்றலாம். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அளவுக்கு மீறினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் சுமையைத் தாங்க முடியாது.

அடியில் போகாமலே செய்யக்கூடியவையும் உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பார்ப்பது, ஏர் ஃபில்டரை மாற்றுவது, கூலன்ட் தொட்டியின் மட்டத்தைக் கவனிப்பது. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் நீர் அழுத்தத்தால்தான் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது; திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகு, தொட்டியில் மூன்று நான்கு லிட்டர் கறுப்பு ஆயில் மிஞ்சும். வேலையின் கடினமான பகுதி அதுதான். எரிதலில் பிறந்த, புற்றுநோய் உண்டாக்கவல்ல சேர்மங்களும் தேய்ந்த உலோகத் துகள்களும் அதில் இருக்கின்றன. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. நம் ஊரில் அதைக் கரையானுக்கு மரத்தில் பூசுகிறார்கள், சென்ட்ரிங் பலகையில் தடவுகிறார்கள், தூசி அடங்க மண்ணில் ஊற்றுகிறார்கள். ஒரு முறை மாற்றும்போது வடியும் ஆயில், பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல், அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்களின் மேலும் வந்திருக்கிறது. அடிப்படை எண்ணெய் தேய்ந்து தீர்வதில்லை. அழுக்கை நீக்கிச் சுத்திகரித்தால் மறுபடி ஆயிலாகும்.

ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்குக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் உங்கள் பகுதியில் எது என்று கேட்டு வையுங்கள். பழைய ஆயிலைப் புது ஆயில் வந்த டப்பாவிலேயே நிரப்பி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் இறுக மூடி அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கிக்கொள்ள அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை என்றால், வீட்டில் மாற்ற வேண்டாம்.