மாரிக் கடனும் மீன் விலையும்

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் பாலத்தில் நின்றால் உப்பாற்றில் வலை வீசுபவர்களைக் காணலாம். மாரியில் வாடைக்காற்று பலத்துவிட்டால் யாழ்ப்பாணத்துச் சிறு படகுகள் பல நாட்கள் பெருங்கடலுக்குப் போக முடியாது. அந்த நாட்களைத் தொழிலாளர் குடும்பங்கள் பலவழிகளில் கடத்துகின்றன. சிலர் கடல்நீரேரியில் இறால் பிடிப்பார்கள், சிலர் கூலி வேலைக்குப் போவார்கள். கோடையில் காயவைத்த கருவாடு கைகொடுக்கும். பெண்களின் சீட்டுக்காசும் அடகுவைத்த நகையும் மிச்சத்தைச் சமாளிக்கும்.

அதுவும் போதாதபோது மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் கேட்கிறார்கள். அதற்கு வட்டி இல்லைப்போலத் தோன்றும். ஆனால் அடுத்த பருவத்து மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். நல்ல பருவத்தின் வருமானம் மாரிக்கடனுக்கே போய்விடுகிறது.

அந்த நல்ல பருவமும் இன்று சுருங்கிவிட்டது. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்த பின்பும் இந்திய இழுவைப்படகுகள் வந்து வலைகளை அறுக்கின்றன. படகு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது.

மாரியில் உலர் உணவுப் பொதி கொடுப்பது நல்ல காரியம். மாரிக்கு முன்பே கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாக வட்டியில்லாக் கடன் கொடுப்பது இன்னும் நல்லது. அப்போது மீனுக்கு விலை சொல்லும் உரிமை பிடித்தவரிடமே இருக்கும்.