கிளித்தட்டும் கைத்தொலைபேசியும்

கிளித்தட்டு ஆடும் பிள்ளையை அருகிருந்து பார்த்தவர்கள், அவ்விளையாட்டின் சூட்சுமம் ஓட்டத்தில் மாத்திரமன்றி, கட்டத்துக்குள் நின்று மூச்சை அடக்கி, கோட்டில் மறித்து நிற்பவனின் கால் எந்தப் பக்கம் சாய்கிறதென்று பொறுத்துப் பார்க்கும் அந்தக் கணத்திலேயும் உள்ளதென்பதை அறிவார்கள். நெஞ்சு படபடக்கையில் பாயாமல் நிற்கப் பழகுவதே, துயரமும் சினமும் மேலிட்ட பிள்ளைக்கு மனநல வைத்தியர்கள் கற்பிக்க விரும்பும் வித்தையுமாகும். ஆதலால், மனச்சோர்வுற்ற பிள்ளைகளுக்கென டிஜிட்டல் விளையாட்டை ஆக்க முனைவோர் யாழ்ப்பாணத்தில் இந்த மணற்கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம்.

இத்துறையில் பிரசித்தமான முயற்சி, நியூசிலாந்தின் ஒக்லாந்து சர்வகலாசாலையில் சலி மெரி குழுவினர் ஆக்கிய ‘ஸ்பார்க்ஸ்’. ஏழு படிகள் கொண்ட அவ்வாட்டத்தில், பிள்ளை தனக்கோர் உருவைத் தெரிந்தெடுத்து, மாய உலகொன்றிற் புகுந்து, மொய்க்க வரும் பூச்சிகளை, அதாவது ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்பன போன்ற அவநம்பிக்கை எண்ணங்களை, எதிர்த்து வீழ்த்துகிறது. வழிகாட்டி ஒருவர் நேரே அதனோடு பேசி, ஆட்டத்திற் கற்றதை வாழ்விற் பிரயோகிக்கும் விதத்தை விளக்குகிறார். 12 முதல் 19 வயது வரையான 187 பேரிடம் நடத்தப்பெற்று 2012இல் வெளியான பரிசோதனையில், ஆடியவர்களுள் ஏறத்தாழ 44 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 26 சதவீதத்தினரும் சோர்வு நீங்கினர். கணக்கினும் என் மனத்தைக் கவர்ந்தது, அந்த ஆட்டத்தை வடிவமைத்த நிறுவனத்தின் தலைவி மாரு நிஹோனிஹோ ஒரு மாவோரிப் பெண்மணி என்பதும், அம்மண்ணின் ஆதிக்குடிகளுடைய கோலங்கள் அவ்வாட்டத்தில் இயல்பாய்க் கலந்திருப்பதுமே.

நமக்கும் அத்தகைய மூலதனம் இல்லாமலில்லை. யுத்தம் உள்ளத்திற் பதித்த காயங்களை வைத்தியர் தயா சோமசுந்தரம் ‘மனவடு’ என்னும் நூலில் தமிழிலேயே எழுதினார், குழந்தை ம. சண்முகலிங்கம் ‘அன்னை இட்ட தீ’ நாடகத்தில் அவற்றை மேடையேற்றினார். நம் பிள்ளை ‘மனச்சோர்வு’ என்று சொல்லாது. ‘தலையிடிக்குது’, ‘நெஞ்சு பாரமாக் கிடக்கு’, ‘ஒண்டுக்கும் மனமில்லை’ என்றே சொல்லும். இவ்வுரைகளைக் கேட்டு அறியாத வழிகாட்டி, எத்துணை அழகிய திரையில் தோன்றினும், அந்நியரே. ‘என்னப்பு, முகம் வாடிக்கிடக்கு?’ என்று வினவும் அம்மம்மாவின் குரலே அங்கே வேண்டும்.

எச்சரிக்கையொன்றும் உண்டு. வடஇலங்கைப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளிடையே, விளையாட்டும் ஆக்கக் கலைகளும் கலந்த 15 அமர்வுகளை நடத்தி, அவற்றின் பலனை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, பயன் எல்லோருக்கும் ஒருபடித்தாய்க் கிட்டவில்லையென்று கண்டது: யுத்த இடர்கள் அப்பொழுது குறைவாய்ச் சூழ்ந்திருந்தவர்களே அதிகம் தேறினர், பெண்பிள்ளைகளுக்கோ, பேரதிர்ச்சியின் அறிகுறிகள், அமர்வில்லாது காத்திருந்தவர்களுக்குத் தணிந்த அளவுகூடத் தணியவில்லை. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் நன்மையாகிவிடாதென்பதை அந்த ஆய்வாளர் மறையாமல் எழுதியமை போற்றத்தக்கது. ஆகவே விளையாட்டை ஆக்குவோர், அதனைப் பரப்புவதற்கு முன், கொக்கான் வெட்டும் சிறுமியரோடு திண்ணையில் அமர்ந்து, அந்த டிஜிட்டல் ஆட்டத்தை ஆடுகையில் எந்த இடத்தில் அவர்கள் கை தயங்குகிறது, எந்த வினாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று பொறுமையோடு பார்க்கட்டும். அவ்விடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தாயிடமோ ஆசிரியையிடமோ போகச் சொல்லும் ஒரு கதவையும் அதற்குள் அமைக்கட்டும்.