பாயில் இறங்குமுன் ஒரு நிமிடம்: தற்காப்புக் கலை பழகும் பிள்ளைகளும் தோல் சுகாதாரமும்

புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் பலர் சங்கீதம், நடனம், தமிழ் வகுப்பு என்பவற்றோடு கராத்தே, யூடோ, பிரேசிலிய ஜியுஜிட்சு போன்ற தற்காப்புக் கலைகளையும் பழகுகிறார்கள். உடலுக்கும் மனத்துக்கும் நல்ல பயிற்சி இது. பிள்ளையைச் சேர்க்கும்போது பயிற்சிக்கூடத்தில் விதிகள் அடங்கிய ஒரு தாள் தருவார்கள். நகம் வெட்ட வேண்டும், பாயில் செருப்போடு ஏறக்கூடாது, உடுப்பைத் தோய்த்துப் போட வேண்டும் என்று அதில் இருக்கும். பெற்றோரில் பலர் அதைச் சம்பிரதாயம் என்று எண்ணி மடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அவ்விதிகளில் அநேகமானவை மருத்துவக் காரணம் உள்ளவை.

நோய் ஏன் பரவுகிறது?

யூடோ, ஜியுஜிட்சு, மல்யுத்தம் ஆகியவற்றில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துப் பழகுகிறார்கள். தோலோடு தோல் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்கள் ஏற்படுகின்றன. அதோடு வியர்வையும் சூடும் சேர்ந்தால் கிருமிக்கு வாசல் திறந்தது போலத்தான். கராத்தேயில் உரசல் குறைவு. எனினும் பொதுக் கையுறை, உடுப்பு மாற்றும் அறை, ஈரமான தரை ஆகியவற்றால் தொற்று வரலாம்.

1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மாணவர்களுக்கான மல்யுத்தப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. அதில் பங்குபற்றிய 175 பேரில் 60 பேருக்கு ஒரே வைரசு தொற்றியது. ஒருவரோடொருவர் நெருங்கிப் பழகும் இடத்தில் நோய் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கவனிக்க வேண்டிய மூன்று நோய்கள்

1. படர்தாமரை: இது பங்கசு எனப்படும் பூஞ்சணத்தால் வருவது. வட்டமாக, ஓரம் சற்றுத் தடித்து, செதில் விட்டு, கடியோடு இருக்கும். வைத்திய நூல்களில் சிவப்பு வட்டம் என்று எழுதியிருக்கும். எமது நிறத் தோலில் அது கபிலமாகவோ சாம்பல் கலந்த கருமையாகவோ தெரியும். சிவப்பாக இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. தலையில் வந்தால் செதிலும் முடி உதிர்ந்த திட்டுகளும் காணப்படும். அதற்குக் கிறீம் போதாது, சில வாரங்களுக்கு வாய்வழி மருந்து தேவை.

2. பற்றீரியாப் புண்கள்: தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும் புண்களும், சீழ் வைத்து நோகும் கட்டிகளும் இவ்வகை. சில கட்டிகளில் வழமையான அன்ரிபயோற்றிக் மருந்துகளுக்கு அடங்காத கிருமி இருக்கும். வீட்டில் பிதுக்கி எடுக்க வேண்டாம்.

3. கொப்புள வைரசு: உதட்டில் காய்ச்சற் கொப்புளம் உண்டாக்கும் அதே வைரசுதான். மல்யுத்தம் செய்வோரின் முகம், கழுத்து, கை ஆகிய இடங்களில் கொத்தாகக் கொப்புளங்களை எழுப்பும். மினசோட்டா முகாமில் பரவியது இதுவே. கண்ணுக்கு அருகில் வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பார்வையைப் பாதிக்கக் கூடியது.

ஊரிலிருந்து வரும் கிறீம்

எம்மவர் வீடுகளில் நான் அடிக்கடி காண்பது இது. பிள்ளையின் கையில் ஒரு வட்டம் தெரிந்ததும், ஊருக்குப் போய் வந்தவர் கொண்டுவந்த கிறீமைப் பூசுவார்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்ரீரொயிட் மருந்து கலந்திருக்கிறது. இரண்டு நாளில் கடி நிற்கும், தடிப்பு இறங்கும். சுகமாகிவிட்டது என்று பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புவோம். ஆனால் ஸ்ரீரொயிட் தோலின் எதிர்ப்பை அடக்கிவிட, பங்கசு உள்ளே நன்றாக வளரும். வட்ட வடிவம் அழிந்துபோவதால் பின்னர் வைத்தியருக்கும் அடையாளம் காண்பது கடினமாகும். வழமையான மாத்திரைகளுக்கு அடங்காத ஒரு வகைப் படர்தாமரை இந்தியாவில் பரவி, இப்போது பிரித்தானியா, கனடா, ஜேர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளிலும் காணப்படுகிறது. இப்படியான கிறீம்களின் தவறான பாவனையும் அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. உள்ளிப்பூடு, தேசிக்காய்ப்புளி போன்றவற்றையும் பூச வேண்டாம்; தோல் வெந்துவிடும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• நகங்களைக் குட்டையாக வெட்டுங்கள். கால் நகங்களை மறக்க வேண்டாம்.

• தோடு, சங்கிலி, மூக்குத்தி, காப்பு யாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கையில் கட்டிய நேர்த்தி நூலும் விரலில் சிக்கும், அழுக்கையும் தாங்கும். கழற்ற விருப்பமில்லையெனில் ஆசிரியருடன் முன்கூட்டியே கதையுங்கள்.

• பயிற்சி நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். பாய் வழுக்கும், மற்றவரின் முகத்திலும் படும். நீண்ட முடியைப் பின்னிக் கட்டுங்கள்.

• பாய்க்கு வெளியே எப்போதும் செருப்பு. பாயின் மேல் ஒருபோதும் செருப்பு இல்லை. வெறுங்காலோடு கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்து பாயில் ஏறுவதுதான் மிக மோசமான பழக்கம்.

• ஒவ்வொரு பயிற்சிக்கும் தோய்த்து நன்றாகக் காய்ந்த உடுப்பு வேண்டும். ஈர உடுப்பை இரவு முழுக்கப் பைக்குள் விடாதீர்கள். இடுப்புப் பட்டியைத் தோய்த்தால் வித்தை போய்விடும் என்று சில கூடங்களில் சொல்வார்கள். வித்தை போகாது, கிருமிதான் போகும்.

• பயிற்சி முடிந்ததும் தாமதிக்காமல் சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். கிருமிநாசினித் திரவம் ஊற்றத் தேவையில்லை. துவாயைச் சகோதரர்களும் பகிரக் கூடாது.

• தண்ணீர்ப் போத்தல் அவரவர்க்கு வேறாக இருக்கட்டும். இல்லாதபோது எமது முறைப்படி அண்ணாந்து குடிக்கலாம்.

• இரத்தம் வந்தால் உடனே நிறுத்தி, காயத்தை மூடி, பாயைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். ஹெப்பற்றைற்றிஸ் பீ வைரசு காய்ந்த இரத்தத்தில் ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கக் கூடியது.

• எதிராளி கையால் தட்டினால் அந்தக் கணமே பிடியை விட வேண்டும். தன் பிள்ளையும் வெட்கப்படாமல் நேரத்தோடு தட்டப் பழக வேண்டும்.

பாயில் ஏறும்போது குனிந்து வணங்குவது சமயச் சடங்கோ என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. இல்லை. சிலம்பம் ஆடுபவர் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவது போல, இடத்துக்கும் எதிரே நிற்பவருக்கும் தரும் மரியாதை அது. 1882இல் யூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, தானும் மற்றவரும் சேர்ந்து நலம் பெறுவதே இக்கலையின் நோக்கம் என்று போதித்தார். கிருமியோடு பாயில் ஏறாதிருப்பதும் அந்த மரியாதையில் சேர்ந்ததுதான்.

மறைக்க வேண்டாம்

மேற்சொன்ன எல்லாவற்றிலும் முக்கியமான விதி இதுதான்: தோலில் சந்தேகமான ஏதாவது தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லி, அன்று பாயில் இறங்காமல் இருப்பது. எமது சமூகத்தில் தோல் வருத்தத்தை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். நெருக்கடியான முகாம்களில் சொறி பரவியபோது, துப்புரவில்லாதவர் என்று பெயர் வந்துவிடும் எனச் சட்டையால் மூடிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு. அது பக்கத்தில் படுத்தவருக்கும் தொற்றியது. தினமும் குளிக்கும் பிள்ளைக்கும் படர்தாமரை வரும். அது குடும்பத்தின் மானத்தோடு சம்பந்தப்பட்ட விடயமல்ல. ஆனால் பட்டிச் சோதனை வருகிறதென்றோ, கட்டிய காசு வீணாகுமென்றோ நீண்ட கைச்சட்டையால் மறைத்து அனுப்பினால், அதை மற்றப் பிள்ளைகளும் சுமக்க நேரும்.

எப்போது திரும்பலாம்?

படர்தாமரைக்கு மருந்து தொடங்கிவிட்டால் பாடசாலைக்குப் போகலாம். பாய்க்குப் போவது வேறு. அமெரிக்கப் பாடசாலை மல்யுத்த விதிகளின்படி, உடம்பில் வந்த படர்தாமரைக்குக் குறைந்தது 72 மணித்தியாலமும், தலையில் வந்ததற்கு 14 நாளும் மருந்து எடுத்த பின்னரே திரும்பலாம். பற்றீரியாப் புண்களுக்கு 72 மணித்தியாலம் அன்ரிபயோற்றிக் எடுத்திருக்க வேண்டும், புதிய புண் தோன்றியிருக்கக் கூடாது. கொப்புளங்கள் முற்றாகக் காய்ந்து பொருக்குக் கட்டியிருக்க வேண்டும். மருந்தில்லாமல் பிளாஸ்ரரால் மட்டும் மூடிக்கொண்டு போவது பயனில்லை. வியர்வையில் அது கழன்றுவிடும். வட்டம் மறைந்தாலும் மருந்தைச் சொன்ன நாள்வரை பூசுங்கள்.

சிவப்பும் வீக்கமும் வேகமாகப் பரவுதல், காய்ச்சல், கடும் நோவு, கண்ணருகே கொப்புளம் ஆகியவை இருந்தால் காத்திருக்காமல் வைத்தியரை நாடுங்கள். மற்றவற்றுக்கு முதலில் மருந்துக்கடையில் உள்ள மருந்தாளரிடம் தோலைக் காட்டிக் கேட்கலாம். வீட்டில் ஏற்கனவே ஏதாவது கிறீம் பூசியிருந்தால், அந்தக் குழாயையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.