ஆல்ப்ஸ் வளைவுகளில் பிள்ளையுடன் ஒரு கார்ப் பயணம்

ஆல்ப்ஸின் உயரமான கணவாய்ச் சாலைகள் கோடையில்தான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும். பிள்ளையைக் காரில் அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு ஏற்ற பாதைகளில் பெயர்பெற்றது இத்தாலியின் ஸ்டெல்வியோ. உயரம் 2,757 மீட்டர். ஆஸ்திரியப் பேரரசுக்காகப் பொறியாளர் கார்லோ தோனேகானி 1820களில் அமைத்த சாலை இது. வடக்குப் பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுதோறும் எண் எழுதிய கல். பின்சீட்டுப் பிள்ளை அந்த எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தால் ஓட்டுபவருக்கும் அலுப்புத் தெரியாது.

ஏறும்போது காது அடைக்கும். மிட்டாய் சப்பினால் விட்டுவிடும். வயிறு முட்டச் சாப்பிடவைத்து வண்டியில் ஏற்றுவதோ வம்பை விலைக்கு வாங்குவது. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் வர வேண்டும். இல்லையேல் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம்.

வளைவே வேண்டாம் என்பவர்களுக்குச் சுவிட்சர்லாந்தில் 1980இல் திறந்த கோட்ஹார்ட் சுரங்கச் சாலை இருக்கிறது. நீளம் சுமார் 17 கி.மீ. நேரம் மிச்சம், ஆனால் மலை கண்ணில் படாது. அந்நாட்டில் 12 வயதுக்கும் 150 செ.மீ. உயரத்துக்கும் குறைந்த பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம்.