தானாக நகர்ந்த அம்புக்குறி

மின் நிலையம், குடிநீர்த் திட்டம், எண்ணெய்க் குழாய், ரசாயன ஆலை எதுவானாலும் வால்வைத் திறப்பதும் மோட்டாரை நிறுத்துவதும் இன்று பெரும்பாலும் கணினி வழியாகவே நடக்கின்றன. களத்தில் உள்ள சிறு கட்டுப்பாட்டுக் கருவிகள் அளவுகளை எடுத்து அனுப்பும். அவற்றைத் திரட்டித் திரையில் காட்டுவதும், ஊழியரின் கட்டளையைத் திருப்பி அனுப்புவதும் ஸ்காடா என்ற மென்பொருள் அமைப்பின் வேலை. அந்தத் திரை அந்நியர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உக்ரைன் நேரில் கண்டது.

2015 டிசம்பர் 23 பிற்பகல். மேற்கு உக்ரைனில் ஒரு மின் விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், மவுஸின் அம்புக்குறி தானாக நகர்ந்து துணை மின் நிலையங்களில் மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் துண்டிக்கத் தொடங்கியது. எதிரே இருந்த ஊழியரால் பார்க்க மட்டுமே முடிந்தது. அரை மணி நேரத்துக்குள் மூன்று நிறுவனங்கள் தாக்கப்பட்டன. குளிர்காலத்தில் சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருண்டன.

தாக்கியவர்களின் வேலை தொடங்கியது பல மாதங்களுக்கு முன்பே. அலுவலக ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்களில் சாதாரண வேர்டு, எக்செல் கோப்புகள் இருந்தன. திறந்தவர்கள் அவற்றிலிருந்த மேக்ரோ என்ற சிறு நிரலை அனுமதித்ததும் பிளாக்எனர்ஜி என்ற தீநிரல் உள்ளே இறங்கியது. அதன் வழியே கடவுச்சொற்கள் திருடப்பட்டன. வெளியிலிருந்து கட்டுப்பாட்டு வலையமைப்புக்குள் நுழைய அந்தக் கடவுச்சொல்லே போதுமானதாக இருந்தது. கைபேசிக்கு வரும் எண் போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. இவ்வளவு பெரிய இருட்டுக்கு வழிவிட்டது இவ்வளவு சிறிய குறை என்பதுதான் இதில் மனத்தை உறுத்துவது.

மின்சாரத்தை நிறுத்தியதோடு தாக்கியவர்கள் விடவில்லை. துணை மின் நிலையங்களுக்குக் கட்டளையைக் கொண்டுசெல்லும் தொடர்புக் கருவிகளின் உள்நிரலை அழித்தார்கள். கணினிகளின் வட்டுகளையும் துடைத்தார்கள். புகார் சொல்ல அழைத்த மக்களுக்கு இணைப்பு கிடைக்காதபடி பொய் அழைப்புகளால் தொலைபேசி மையத்தை நிரப்பினார்கள். ஆனாலும் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் விளக்குகள் எரிந்தன. ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துணை மின் நிலையத்துக்கும் போய், பிரேக்கர்களைக் கையால் இணைத்தார்கள்.

வீட்டுக் கணினியைப் பாதுகாப்பதுபோல ஆலையைப் பாதுகாக்க முடியாது. மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமென்று ஓடும் உலையை நினைத்தபோது நிறுத்த இயலாது. கருவிகள் இருபது, முப்பது ஆண்டுகள் உழைக்கின்றன. 1979-இல் வந்த மாட்பஸ் போன்ற பழைய தொடர்பு நெறிமுறைகள் கட்டளை இடுவது யார் என்று கேட்பதே இல்லை. ஆகவே அலுவலக வலையமைப்பையும் ஆலை வலையமைப்பையும் பிரித்து வைப்பதே முதல் அரண். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் கண்டறியப்பட்டபோது, அது இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினியில்தான் இருந்தது, உலைக் கட்டுப்பாடு தனியே உள்ளது என்று இந்திய அணுமின் கழகம் தெரிவித்தது.

பிரித்து வைத்தாலும் ஆள் நடமாட்டம் நிற்பதில்லை. ஈரானின் நட்டான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலை இணையத்திலிருந்து விலகியே இருந்தது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் அங்கும் நுழைந்தது. யுஎஸ்பி வழியாகப் பரவும்படி எழுதப்பட்ட நிரல் அது. எனவே உள்ளே வரும் பென்டிரைவ், பழுதுபார்க்க வருபவரின் மடிக்கணினி ஆகியவற்றையும் சோதிக்க வேண்டியுள்ளது.

சில அரண்கள் கணினிக்கு வெளியே இருக்கின்றன. 2017-இல் சவுதி அரேபியாவின் பெட்ரோ ரசாயன ஆலை ஒன்றில், விபத்து நேராமல் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கருவியையே டிரைட்டன் என்ற தீநிரல் குறிவைத்தது. அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. நிரலை மாற்ற அனுமதிக்கும் நிலையில் அது திருப்பி விடப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பி எடுத்துவிட்டால் தொலைவிலிருந்து நிரலை மாற்றுவது மிகக் கடினம். உக்ரைனில் கைகொடுத்த கையியக்கமும் இந்த வகையைச் சேர்ந்ததே. தானியங்கியாகும் துணை மின் நிலையங்களில் கைப்பிடியை விட்டுவைப்பதும், அதை இயக்கத் தெரிந்தவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தருவதும் பாதுகாப்புச் செலவில் சேர வேண்டியவை.