பஞ்சத்தை மறைத்த செய்தி

1933-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சோவியத் அதிகாரிகளின் கண்காணிப்புக்குத் தப்பி, உக்ரேன் கிராமங்களினூடே கால்நடையாய்ச் சென்று, ரொட்டியின்றி மடிந்துகொண்டிருந்த குடியானவர்களைத் தம் கண்ணாரக் கண்ட வேல்ஸ் தேசத்து இளைஞர் கேரத் ஜோன்ஸ், பெர்லின் நகரை அடைந்ததும் அக்கொடிய க்ஷாமத்தை உலகறியச் செய்தார். இரண்டே தினங்களில், 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையின் மாஸ்கோ நிருபரும், அதற்கு முந்திய ஆண்டிலேதான் புலிட்சர் பரிசு பெற்றவருமான வால்டர் டுராண்டி, ஜனங்கள் பசியால் வாடுகிறார்களேயன்றிப் பட்டினியால் சாகவில்லை என்று அதனை மறுத்தெழுதினார். தணிக்கை அதிகாரிகளின் தயவின்றி மாஸ்கோவிலிருந்து செய்தி அனுப்ப இயலாதாகையால், அங்கிருந்த ஏனைய நிருபர்களும் ஜோன்ஸைக் கைவிட்டனர். அதே டுராண்டி, சில மாதங்களுக்குப்பின் பிரிட்டிஷ் தூதரகத்தாரிடம் தனிமையில் பேசுகையில், உணவின்மையால் ஒரு கோடிப் பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்றாராம்! பொய்யைப் புனைவதினும், அறிந்த மெய்யை அந்தரங்கத்தில் பூட்டிவைப்பதே பத்திரிகைத் தொழிலுக்கு இழைக்கும் பெருந்துரோகம் என்பேன். ஜோன்ஸ், 1935-இல், முப்பது வயது நிரம்புமுன்னரே கீழ்த்திசையில் கொள்ளையரால் கொலையுண்டார். டுராண்டியின் பரிசையோ, 2003-இல் மறுபரிசீலனை செய்த பின்னரும், புலிட்சர் குழுவினர் ரத்து செய்யவில்லை.