செத்தது போலக் கிடக்கும் நத்தை



நோர்வேயில் இருக்கும் என் அக்காவின் பேரன் தொலைபேசியில் கேட்டான்: "தாத்தா, இங்கே குளிருக்குள்ளேயும் நத்தை இருக்குதாம். உங்கட பாலைவனத்திலும் இருக்குமோ?"

இரண்டும் உண்மைதான். நோர்வே, சுவீடன், ஐஸ்லாந்து போன்ற நாடுகளில் 'வெர்ட்டிகோ ஆர்க்டிகா' என்ற தரை நத்தை இருக்கிறது. முழுதாக வளர்ந்தாலும் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர்தான், ஒரு கடுகளவு! பாசியும் உக்கிய இலையும் உள்ள ஈரநிலத்தில் வாழும். குளிர் வந்தால் ஓட்டுக்குள் சுருங்கிவிடும். மேலே விழும் பனி போர்வை போல நிலத்தை மூடி, கடுங்குளிர் கீழே இறங்காமல் காக்கும்.

எங்கள் பக்கத்தில் இருப்பது 'சூட்டெக்கஸ் இன்சுலாரிஸ்'. நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். வட ஆபிரிக்காவிலிருந்து அரேபியா வழியாக இந்தியா வரை பரவியிருக்கிறது. முட்டையை வெளியே இடாமல், வயிற்றுக்குள்ளேயே பொரிக்கவைத்துக் குஞ்சாக ஈனும். அதனால் முட்டை வெயிலில் காய்ந்துபோகும் ஆபத்தில்லை. அல் கூஸ் களஞ்சிய வீதிகளில் இதைத் தேட வேண்டாம். மலையடிவாரத்திலும் வாடிகளிலும் கற்களின் கீழே பாருங்கள்.

வெயிலில் நத்தை என்ன செய்யும்? ஓட்டின் வாயைச் சளியால் மூடும். அது காய்ந்து மெல்லிய தாள் போலாகும். உடலின் ஈரம் வெளியே போகாது. மூச்சும் செலவும் மிகவும் குறைந்துவிடும். மழை வரும்வரை அப்படியே கிடக்கும்.

எவ்வளவு காலம்? 1846 மார்ச் மாதம், எகிப்திலிருந்து வந்த ஒரு பாலைவன நத்தையை, செத்த ஓடென்று நினைத்து, லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அட்டையில் ஒட்டிவிட்டார்கள். 1850 மார்ச்சில் அட்டையில் ஒரு கறை தெரிந்தது. இளஞ்சூட்டு நீரில் போட்டார்கள். நத்தை ஊர்ந்தது! நாலு வருடம் சாப்பாடில்லை, தண்ணீரில்லை. கணக்குப் பார்க்கும் எனக்கு இது நல்ல பாடம்: முடிந்தது என்று நாங்கள் மூடிவைத்த கணக்கு, உண்மையில் முடியாமலும் இருக்கலாம்.

ஆகவே பெற்றோரே, வாடிக்குப் போகும்போது பிள்ளைகள் வெள்ளை ஓடொன்றை எடுத்தால், வாயில் தாள் போன்ற மூடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உள்ளே உயிர் இருக்கலாம். பிய்க்க வேண்டாம். எடுத்த இடத்திலேயே நிழலில் வைத்துவிடட்டும்.

கதவைச் சாத்திக்கொண்டு நல்ல காலத்துக்காகக் காத்திருப்பது எங்கள் குடும்பங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளுக்கு அந்தக் கதையையும் அப்போது சொல்லுங்கள்.